பசறையில் முக்கால் மணி நேரம்

எனக்கு மலைப்பாதை என்றால் பயம். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பல வருடமாகப் படிப்பிக்கிறேன். ஞாயிறு தோறும் பதுளையிலிருந்து மேலே போய் வெள்ளிக்கிழமை இறங்கி வருகிறேன். இன்றுவரை ஒரு முடக்கு வளைவைக்கூடக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கடந்ததில்லை. வகுப்பில் புலி, வாகனத்தில் எலி என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். சொல்லட்டும், ஒருநாள் அவரும் அந்தப் பாதையில் வந்து பார்த்தால்தானே தெரியும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு நான் செய்த காரியத்துக்குப் பாதிக் காரணம் இரக்கம் என்று வைத்துக்கொண்டாலும், மீதிப் பாதி என் உயிர்ப்பயம்தான்.

மூன்று நாளாக விடாத மழை. பதுளை பஸ் ஸ்டாண்டில் மடுல்சீமை பஸ் இல்லை, பாதை மோசம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். பஸ் ஓடாத நாளில் யாராவது ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஆள் சேர்ப்பார். நாலு பேர் சேர்ந்ததும் புறப்படும். அன்றும் ஒரு பழைய வெள்ளைக் கார் நின்றது. முன் ஆசனத்தில் மரக்கறி வியாபாரி ஒருவர், மடியில் ஒரு பை, காலடியில் ஒரு மூட்டையோடு ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டார். நான் ஏறப் போகும்போது கைபேசி அடித்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் இன்னொரு டீச்சர். "டீச்சர், எப்படியாச்சும் வந்து சேருங்க. மேல் லயத்து வீடுங்களுக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு, எப்ப வேணாலும் சரியலாம். ஆளுங்கள இன்னைக்கு ஸ்கூலுக்கு மாத்தப் போறாங்களாம். நம்மதான் பாத்துக்கணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேல் லயத்துல அந்த வாச்சர் வேல பாத்த பெரியவரு, ராத்திரி நெஞ்சுவலியில தவறிட்டாரு. அவரு மக கொழும்புல வீட்டு வேலைக்கு நிக்குது, இப்ப வந்துக்கிட்டு இருக்கு. ஸ்டாண்டுல பாத்தீங்கன்னா கூடவே கூட்டிட்டு வாங்க. ஆனா வாயத் தொறந்து சொல்லிறாதீங்க. சீரியஸ்னுதான் சொல்லி வச்சிருக்காங்க."

எங்கள் ஆட்கள் சாவைத் தொலைபேசியில் சொல்லமாட்டார்கள். 'கொஞ்சம் முடியல, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ' என்பார்கள். வழியில் தனியாகக் கிடந்து அழக்கூடாது, சொந்தக்காரர் மடியில் விழுந்துதான் அழவேண்டும் என்கிற நல்லெண்ணம். என் அம்மா போனபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இல்லாத உயிருக்காக பஸ்ஸில் வழி நெடுக நேர்த்திக்கடன் வைத்துக்கொண்டே போனேன். வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அப்படிப்பட்ட நானே அன்றைக்கு "சரி, சொல்லமாட்டேன்" என்றேன்.

கதவைத் திறந்தால் பின் ஆசனத்தில் ஒரு பிள்ளை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். ராத்திரி பஸ்ஸில் வந்த கசங்கல், கையில் கைபேசி. எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னாள்.

"நான் அந்த ஸ்கூல் டீச்சர்தாம்மா."

"ஆமாங்க டீச்சர், பாத்திருக்கேன். நான் படிச்சப்ப நீங்க இல்ல." கொஞ்சம் விட்டுச் சொன்னாள்: "அப்பாவுக்கு நெஞ்சுவலி. ரொம்ப சீரியஸா இருக்காரு."

"ஒண்ணும் ஆகாதும்மா. சாமி இருக்கு" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

நாலாவது ஆளுக்காகக் காத்திருக்கலாம் என்று டிரைவர் இழுத்தார். அவள் முன்னால் குனிந்து, "அண்ணே, எடுங்கண்ணே. அப்பா சீரியஸா இருக்காருண்ணே. உசிரு இருக்கும்போதே ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்றாள். டிரைவர் ஒரு கணம் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் காரை எடுத்தார்.

எடுத்தாரா, பறந்தாரா தெரியாது. முடக்குக்கு முடக்கு ஹார்னை அமுக்கிக்கொண்டு, பள்ளத்துப் பக்கத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே போனார். வியாபாரி, "ஏய்யா, என் லீக்ஸ் எல்லாம் நசுங்குதுய்யா" என்று புலம்பினார். "உங்க லீக்ஸா பெருசு, ஒரு உசிரு பெருசா?" என்று டிரைவர் கேட்டதும் அவர் வாயை மூடிக்கொண்டார். இல்லாத ஒரு உயிருக்காக, இருக்கிற நாலு உயிர் அந்தப் பாதையில் ஓடுகிறது. இது தெரிந்தவள் அந்தக் காரில் நான் ஒருத்திதான். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பசறைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முடக்கில் எதிரே லொறி வந்துவிட்டது. பிரேக் அடித்ததில் கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போய், பள்ளத்தின் பக்கம் ஓரக்கல்லில் இடித்து நின்றது. லொறிக்காரன் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் ஏசிவிட்டுப் போனான். என் ஜன்னலுக்கு வெளியே தரை இல்லை. கீழே தேயிலை, அதற்கும் கீழே மேகம்.

"மெதுவா போங்க தம்பி!" என்று கத்தினேன். வகுப்பில் கத்துகிற கத்தல் அது.

"நிக்காதீங்கண்ணே, போங்க" என்றாள் அவள். அவள் குரலில் நடுக்கமே இல்லை.

பசறை டவுனுக்குள் நுழையும்போது முடிவுசெய்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து, "வாந்தி வருது, நிப்பாட்டுங்க" என்றேன். முழுப்பொய். கார் நின்றது. சாப்பாட்டுக் கடை ஒன்றில் போய் உட்கார்ந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, தலை சுற்றுகிறது என்றேன். இஞ்சி போட்டு பிளேன்டீ கேட்டேன். டிரைவரைப் பார்த்து, "காலையில இருந்து சாப்பிடல போல இருக்கே, ஒரு சோறு சாப்பிடுங்க, என் கணக்கு" என்றேன். பசித்த மனிதன், உட்கார்ந்தார். வியாபாரி இதுதான் சமயம் என்று ரொட்டி இரண்டு சொன்னார். டிரைவரின் படபடப்பு அடங்கட்டும், மழை கொஞ்சம் விடட்டும், இனி அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது என்பது என் நினைப்பு. பெற்ற மகள் வராமல் எடுத்துவிடுவார்களா என்ன? அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை, எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

அவளுக்கும் ஒரு பிளேன்டீ கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் கண் கடைச் சுவரிலிருந்த மணிக்கூட்டிலேயே இருந்தது. இரண்டு தடவை தோட்டத்திலிருந்த தன் அண்ணனுக்குக் கைபேசியில் அடித்துப் பார்த்தாள். மழையால் மேலே தோட்டத்தில் சிக்னல் விழுந்துகிடந்தது. "டீச்சர், இப்ப எப்படி இருக்கு?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் "இன்னும் கொஞ்சம்மா" என்றேன். புறப்படும்போது நானும் மணிக்கூட்டைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம். வெற்றி என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டதை மறைப்பானேன், நினைத்தேன்தான்.

பசறைக்கு மேலே மூடுபனி இறங்கியிருந்தது. காரின் மூக்குக்கு முன்னால் நாலு முழம்தான் தெரிந்தது. டிரைவர் இப்போது நிதானமாகத்தான் ஓட்டினார், ஆனால் அவள் விடவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் "அண்ணே" என்பாள், அவர் கால் தானாக அமுங்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் அப்படியே போனது. திடீரென்று கார் நின்றது.

கண்ணைத் திறந்தேன். மேலேயிருந்து மண் இறங்கிப் பாதையில் பாதியை மூடியிருந்தது. செம்மண் சேறு, நடுவில் ஒரு சவுக்கு மரம் வேரோடு. பள்ளத்துப் பக்கம் ஒரு காரின் அகலத்துக்கு இடம் இருந்தது, அதன் மேலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கிப் போய் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"தங்கச்சி, கஷ்டம்தான். திரும்பிருவமா?"

"ஐயோ அண்ணே, இவ்வளவு தூரம் வந்துட்டோம்ணே. ஒங்க கால்ல விழுறேன். அப்பாண்ணே."

அவர் மழையில் நனைந்துகொண்டே நின்றார். பிறகு, "எனக்கு அப்பா இல்ல. கடைசியில நான் பாக்கல" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. உள்ளே ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். வியாபாரி மூட்டையோடு கதவைத் திறந்து குதித்துவிட்டார். முன்சக்கரம் சேற்றில் ஏறியது. கார் பள்ளத்துப் பக்கம் ஒரு சாண் சரிந்தது. மேலேயிருந்து சின்னக் கற்கள் கூரையில் விழுந்தன.

"நிப்பாட்டுங்க!" என்று அலறினேன். "அவரு செத்துட்டாரு! ராத்திரியே போயிட்டாரு! எதுக்கு இப்படி எல்லாரும் சாகணும், நிப்பாட்டுங்க!"

கார் நின்றது. டிரைவர் மெதுவாகப் பின்னுக்கு எடுத்தார். சொல்லிவிட்டேனே, பாவி, இப்படியா சொல்வது என்று நான் அவள் பக்கம் திரும்பினேன். அணைத்துக்கொள்ளத் தயாராகக் கையைக்கூட நீட்டிவிட்டேன்.

"தெரியும் டீச்சர்" என்றாள்.

"என்னம்மா?"

"நேத்து ராத்திரியே தெரியும். அண்ணன் ஃபோன்ல 'சாப்டியா'ன்னு கேட்டுச்சு. எங்கண்ணன் ஒருநாளும் என்னைய அப்படிக் கேட்டதே இல்ல."

"அப்புறம் ஏம்மா சீரியஸ்னு…"

"செத்த வீட்டுக்குப் போறேன்னு சொன்னா, போனது போயிருச்சு, மெதுவாப் போவோம்னு எல்லாரும் சொல்லுவாங்க டீச்சர். சீரியஸ்னாத்தான் வெரசாப் போவாங்க." கைபேசியைப் பைக்குள் வைத்தாள். "லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்குன்னு முந்தாநாளே அப்பா சொன்னாரு. ஆள எல்லாம் எறக்குனா பொணத்தை வச்சுக்கிட்டு இருப்பாங்களா? எடுத்துருவாங்க. மொகத்தைப் பாக்கணும் டீச்சர். அதுக்குத்தான்."

மண் வெடித்தது எனக்கும் தெரியும். ஆட்களை மாற்றுவது எனக்கும் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை. டீச்சராம், பெரிய டீச்சர்.

டிரைவர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். "நான் வர்ற வரைக்கும் வைங்கன்னு அண்ணன்கிட்ட கேட்டிருந்தா, அவங்களாச்சும் காத்திருந்து எடுத்திருப்பாங்கல்ல தங்கச்சி" என்றார்.

"கேட்டா அண்ணன் அழுதுரும்ணே. அது எனக்காகத்தானே மறைச்சுக்கிட்டு இருக்கு."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன். வியாபாரி, "டீச்சர், உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றார். சேற்றில் முழங்கால் வரை புதைந்து, அந்தச் சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டேதான் கடந்தேன். பயம் இருந்தது, ஆனால் அதைக் கவனிக்க நேரம் இல்லை.

ரோட்டில் போனால் சுற்று. தேயிலைக்குள் ஏறும் குறுக்குப் பாதையில் அவள் முன்னால் போனாள். அட்டை கடித்ததைத் தட்டிவிடக்கூட நிற்கவில்லை. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கியபடி பின்னால் ஓடினேன். முக்கால்வாசி தூரம் ஏறியிருப்போம். மேலே மூடுபனிக்குள்ளிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது.

இருவரும் நின்றோம். சாவு வீட்டு வாசலில் ஒரு மாதிரி அடிப்பார்கள், பாடையைத் தூக்கிவிட்டால் வேறு மாதிரி அடிப்பார்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் ஒரே சீராகக் கேட்டது. பிறகு அடி மாறியது.

"தூக்கிட்டாங்க" என்றாள்.

ஓடினாள். "அண்ணே! அண்ணே!" என்று மலையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். நானும் கத்தினேன். "நிப்பாட்டுங்கப்பா! மக வந்துருச்சு, நிப்பாட்டுங்க!" மழையும் தப்பும் சேர்ந்த சத்தத்தில் எங்கள் இரண்டு பேர் குரல் எங்கே கேட்கும்? சத்தம் எங்களை விட்டு மேலே மேலே போனது.

நாங்கள் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாசல்படி வழியாகத் தண்ணீர் வெளியே வந்துகொண்டிருந்தது. விளக்குமாற்றோடு நின்ற பெண் அவளைக் கண்டதும் அதைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ஆத்தா, இப்பத்தானே எடுத்தாங்க! அரை மணி நேரம்கூட ஆகலையே! நாலு மணிக்குள்ள லயத்தைக் காலி பண்ணணும்னுட்டாங்க ஆத்தா. முடிஞ்ச மட்டும் பாத்தோமே!"

அரை மணி நேரம். பசறையில் நான் இழுத்தது முக்கால் மணி நேரம்.

அவள் பிடியை உதறிவிட்டு இடுகாட்டு மேட்டுப் பக்கம் ஓடப் பார்த்தாள். நாலைந்து பெண்கள் மறித்தார்கள். பொம்பளைப் பிள்ளை அங்கெல்லாம் போகக்கூடாது என்றார்கள். "போகட்டும் விடுங்க! பெத்த அப்பன்தானே, விடுங்க!" என்று நான் ஒவ்வொருத்தி கையாகப் பிடித்து இழுத்தேன். அந்தத் தள்ளுமுள்ளு நடந்துகொண்டிருக்கும்போதே தப்புச் சத்தம் நின்றது. குழிக்குள் இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். பிடித்திருந்தவர்களும் கையை விட்டார்கள். அவள் போகவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னேன். கேட்காமலே சொன்னேன். "பசறையில எனக்கு வாந்தியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. வேணும்னேதான் நிப்பாட்டுனேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அடித்தால்கூட வாங்கியிருப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆம்பளைகள் தலை முழுகிவிட்டுத் திரும்பி வந்தார்கள். மொட்டை அடித்த தலையோடு, ஈர வேட்டியோடு அண்ணன். தங்கச்சியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். பெரிய ஆள், சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான். "நேரம் குடுக்கல தங்கச்சி. ஒனக்காக எடுத்து வச்சிருக்கேன், பாரு" என்று பக்கத்தில் நின்றவரிடமிருந்து தன் கைபேசியை வாங்கி நீட்டினான். திரையில் அப்பாவின் முகம்.

அவள் கையை நீட்டவில்லை. "எனக்கு ஃபோன்ல வேணாம்ணே" என்றாள். அண்ணன் நீட்டிய கையோடு நின்றான். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாருங்க டீச்சர். பாத்து எனக்குச் சொல்லுங்க. மறைக்காமச் சொல்லுங்க."

வாங்கினேன். தூங்குகிற மாதிரி இருக்கிறார் என்று சொல்ல வாய் வந்தது. எல்லா சாவு வீட்டிலும் எல்லோரும் சொல்வது அதுதான். அதை விழுங்கிக்கொண்டு பார்த்தேன்.

"நெத்தியில திருநீறு இருக்கும்மா. காசு ஒட்டியிருக்கு" என்றேன். "தாடையைச் சேத்துத் துணியால கட்டியிருக்காங்க. ரெண்டு மூணு நாள் தாடி இருக்கு, வெள்ளையா. வழிக்கல. கன்னம் உள்ள போயிருக்கு."

"ம்."

"உதடு கறுத்திருக்கு."

"கண்ணு?"

சொல்லத் தயங்கினேன். அவள் காத்திருந்தாள். "வலது கண்ணு மூடியிருக்கும்மா. இடது கண்ணு முழுசா மூடல. கொஞ்சமாத் தொறந்திருக்கு."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தலையை ஆட்டினாள்.

"அது எப்பவும் அப்படித்தான் டீச்சர்" என்றாள். "தூங்குனாலும் எங்கப்பாவுக்கு அந்தக் கண்ணு மூடாது."